25-ஆவது பெயர்: ஒரு அவுட்ஃபீல்டர் எப்படி உருவாகிறார்?

பேஸ்பால் பத்தின கட்டுரையான்னு இந்தப் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிடாதீங்க. அந்த ஆட்டத்துல ஒரு ரூல்கூடத் தெரியாதவங்களுக்காகத்தான் இது. கிரிக்கெட்ல பவுண்டரி லைன்ல நின்னு ஒரு ஹை கேட்ச்சுக்காக அண்ணாந்து பார்த்த அனுபவம் இருந்தா போதும். அது இல்லாட்டியும், ஏதோ ஒரு லிஸ்ட்ல உங்க பேர் எத்தனாவது இடத்துல இருக்குன்னு மேலேர்ந்து கீழே விரலை ஓட்டித் தேடின அனுபவம் இருந்தா போதும். அது இல்லாதவங்க நம்ம காலேஜ்ல யாரும் இருக்க மாட்டாங்க.

நாம எடுத்துக்கப்போற கேஸ் ஸ்டடி: மைக் ட்ரவுட். லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணியின் அவுட்ஃபீல்டர். 1991 ஆகஸ்ட் 7-ல் பிறந்தவர். மூன்று முறை அமெரிக்கன் லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கியவர்: 2014, 2016, 2019. 2019-ல் அவர் போட்ட 12 வருட ஒப்பந்தத்தின் மதிப்பு 42.65 கோடி டாலர்.

ஆனா அந்தத் தொகை நமக்கு முக்கியம் இல்லை. 17 வயசுல, பள்ளி முடிக்கிற நேரத்துல, இதே பையனை வேண்டாம்னு 20-க்கும் மேற்பட்ட அணிகள் தாண்டிப் போனாங்க. அவங்க முட்டாள்கள் இல்லை. அதுதான் இந்தப் பாடத்தின் சுவாரஸ்யமே.

1. முதல்ல அடிப்படை

பேஸ்பால் மைதானத்துல நாலு பேஸ் சேர்ந்து ஒரு சதுரம். அதுக்குப் பின்னாடி சுவர் வரைக்கும் விரிஞ்சு கிடக்கிற புல்வெளிதான் அவுட்ஃபீல்ட். பேட்டர் நிக்கிற இடத்துலேர்ந்து அந்தச் சுவர் சுமார் 100 முதல் 120 மீட்டர் தூரத்துல இருக்கும். இவ்வளவு பெரிய இடத்தைக் காக்கிறது மூணே பேர். இடது, நடு, வலது. இதுல நடுவுல நிக்கிற சென்டர் ஃபீல்டருக்குத்தான் அதிக இடம், அதிக ஓட்டம். ட்ரவுட் பேர் வாங்கினது இந்த இடத்துலதான்.

ஃபீல்டிங் மட்டும் இல்லை, எல்லாரும் பேட்டும் பண்ணணும். சுவரைத் தாண்டி அடிச்சா ஹோம் ரன். நம்ம சிக்ஸர் மாதிரி. பத்து தடவை பேட் பண்ணி மூணு தடவை ஹிட் அடிச்சா சராசரி .300. அதுவே நல்ல வீரருக்கு அடையாளம். அதாவது பத்துக்கு ஏழு முறை தோற்கிறவர்தான் அந்த ஊர்ல ஸ்டார். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

2. அப்பா ஏறிய படி

நியூ ஜெர்சி மாநிலத்தின் தெற்குப் பகுதியில் மில்வில் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்குப் பேர் போனது. ட்ரவுட் படித்தது மில்வில் உயர்நிலைப் பள்ளியில். அப்பா ஜெஃப் ட்ரவுட் அதே பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்த ஆசிரியர், கோச்.

அந்த அப்பாவுக்கும் ஒரு கதை இருக்கு. 1983-ல் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவரைத் தேர்வு செய்தது. நாலு வருஷம் மைனர் லீக்கில் ஆடினார். பேட்டிங் மோசமில்லை, சராசரி.300-ஐ ஒட்டி. மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழே, டபுள்-ஏ வரைக்கும் ஏறினார். அப்புறம் காயங்கள். அதோட ஊருக்குத் திரும்பி ஆசிரியர் வேலை.

மைனர் லீக்ல ஜெஃப்போட சேர்ந்து ஆடினவர் கிரெக் மோர்ஹார்ட். அவரும் மேஜர் லீக் போகலை. பின்னாளில் ஏஞ்சல்ஸ் அணிக்கு ஸ்கௌட் ஆனார். ஸ்கௌட்னா ஊர் ஊராப் போய்ப் பள்ளி, கல்லூரி ஆட்டங்களைப் பார்த்து அணிக்கு ரிப்போர்ட் எழுதுறவர். வடகிழக்கு மாநிலங்கள் அவர் பொறுப்பு. மில்வில்லில் பழைய தோழனோட பையன் ஆடுறதைப் பார்த்தவர் அவர்தான்.

'ஓ, ரெஃபரன்ஸா?'ன்னு தோணும். பாதி சரி. தெரிஞ்சவர் இருந்ததால ஒருத்தர் கவனமா, திரும்பத் திரும்பப் பார்த்தார். ஆனா அவர் பார்த்ததை மத்த ஸ்கௌட்டுகளும் பார்த்திருக்கலாம். மைதானம் திறந்துதான் கிடந்தது.

3. ஏன் மத்தவங்க விட்டாங்க?

ஸ்கௌட்டுகள் ஒரு அவுட்ஃபீல்டரை ஐந்து திறமைகளாகப் பிரித்துப் பார்ப்பார்கள்: பந்தைச் சரியாக அடிப்பது, பலமாக அடிப்பது, ஓட்டம், ஃபீல்டிங், எறிதல். ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு 10 மதிப்பெண்ணும் ஏறத்தாழ ஒரு ஸ்டாண்டர்ட் டீவியேஷன். நம்ம ப்ராபபிலிட்டி பேப்பர்ல வர்ற அதே பெல் கர்வ்தான்.

ஓட்டம், எறிதல் ரெண்டையும் ஸ்டாப்வாட்ச், ரேடார் கன் வெச்சு அளந்துடலாம். சிக்கல் முதல் திறமையில். பந்தைச் சரியா அடிப்பானா இல்லையான்னு தெரியணும்னா, எதிர்ல நல்ல பௌலிங் இருக்கணும். கலிஃபோர்னியா, ஃபுளோரிடா, டெக்சஸ் மாதிரி வெயில் மாநிலங்கள்ல வருஷம் முழுக்க ஆட்டம் நடக்கும். திறமையான பிட்சர்களும் அதிகம். நியூ ஜெர்சியில் வசந்த காலம் வரைக்கும் குளிர். பள்ளி சீசன் சின்னது. மழை பெய்தா ஆட்டமே ரத்து.

ட்ரவுட் கடைசி வருஷத்துல 18 ஹோம் ரன் அடிச்சு அப்போ மாநில சாதனை படைச்சார். ஆனா தூரத்துல இருக்கிற அணிக்கு அந்த 18-ஐ எப்படி எடுத்துக்கிறதுன்னு தெரியலை. பையன் நல்லவனா, இல்ல பிட்சர் மோசமா? சாம்பிள் சைஸ் சின்னது, எதிராளி தரம் தெரியாது. அதுக்கும் மேல, பள்ளியில் அவர் பிட்சராகவும் ஷார்ட்ஸ்டாப்பாகவும் ஆடி, கடைசி வருஷம்தான் அவுட்ஃபீல்டுக்கு மாறினார். அந்த இடத்துல அவரோட பழைய டேட்டாவே கிடையாது.

ஸோ, அவரை விட்டவங்க செஞ்சது தப்பான கணக்கு இல்லை. குறைவான டேட்டாவுக்குக் குறைவான நம்பிக்கை கொடுத்தாங்க. நாமளும் லேப்ல அதைத்தான் பண்ணுவோம். ஆனா ஒரு விஷயம்: எரர் பார் பெரிசா இருக்குன்னா, உண்மையான மதிப்பு கீழேயும் இருக்கலாம், மேலேயும் இருக்கலாம். பெரும்பாலானவங்க கீழ்ப் பக்கத்தை மட்டும் பார்த்தாங்க. மோர்ஹார்ட் மேல்பக்கத்தைப் பார்த்தார்.

4. ஜூன் 9, 2009

அமெரிக்காவில் பள்ளி, கல்லூரி வீரர்கள் நேரா விரும்பிய அணியில் சேர முடியாது. டிராஃப்ட் என்று ஒன்று உண்டு. அப்போதைய விதிப்படி, முந்தைய வருஷம் மோசமா ஆடின அணி முதலில் தேர்வு செய்யும், அப்புறம் அடுத்தது. ஐ.பி.எல். ஏலம் மாதிரி பணத்தைக் கூட்டிக் கூட்டிக் கேட்கிறது இல்லை, வரிசை. 2009-ல் 50 சுற்றுகள். 1,500-க்கும் மேற்பட்ட வீரர்கள் எடுக்கப்பட்டார்கள்.

நியூ ஜெர்சியின் சிகாகஸ் ஊரில் உள்ள டி.வி. ஸ்டுடியோவில்தான் அன்னிக்கு டிராஃப்ட் நேரலை. வீரர்களில் நேரில் வந்து உட்கார்ந்திருந்தவர் ஒரே ஒருத்தர்: ட்ரவுட். முதல் பெயர் ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க். மூன்றாவது பெயர் டோனவன் டேட், இவரும் பள்ளி அவுட்ஃபீல்டர்தான். பெயர்கள் வந்துகிட்டே இருந்தன. கேமரா எதிர்ல அந்தப் பையன் காத்துக்கிட்டே இருந்தார்.

24-ஆவது தேர்வும் 25-ஆவது தேர்வும் ஏஞ்சல்ஸ் கையில் இருந்தன. 24-ல் ராண்டல் க்ரிச்சக், இன்னொரு பள்ளி அவுட்ஃபீல்டர். 25-ல்தான் மைக் ட்ரவுட்.

அந்த 25-ஆவது இடம் ஏஞ்சல்ஸுக்கு எப்படி வந்ததுன்னு கேட்டா சிரிப்பீங்க. அது நியூயார்க் யாங்கீஸோட இடம். ஏஞ்சல்ஸ்ல ஆடிக்கிட்டிருந்த மார்க் டெஷேராவை அந்தக் குளிர்காலத்துல யாங்கீஸ் 18 கோடி டாலர் ஒப்பந்தத்துல தூக்கினாங்க. அப்போதைய விதிப்படி, நட்ட ஈடா அவங்க டிராஃப்ட் இடம் ஏஞ்சல்ஸுக்குப் போச்சு. ஏஞ்சல்ஸ் தங்களோட பெரிய பேட்டரை இழக்காம இருந்திருந்தா, ட்ரவுட்டை எடுக்க அந்த இடமே அவங்களுக்கு இருந்திருக்காது.

ட்ரவுட் ஈஸ்ட் கரோலைனா பல்கலைக்கழகத்துல சேர ஒத்துக்கிட்டிருந்தார். அதை விட்டுட்டு 12.15 லட்சம் டாலர் போனஸுக்கு ஏஞ்சல்ஸில் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது இடத்தில் போன டேட்டுக்குக் கிடைத்தது 62.5 லட்சம். அஞ்சு மடங்குக்கும் மேல. ஆனா அவர் ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடலை.

5. படிக்கட்டு

கையெழுத்துப் போட்ட மறுநாளே டி.வி.யில வர முடியாது. ரூக்கி லீக், ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று படிகள். ஒவ்வொரு படியும் வேற ஊர், வேற அணி. ராத்திரி ஆட்டம், அப்புறம் பஸ், விடியற்காலை இன்னொரு ஊர்.

ட்ரவுட் 2009-ல் அரிசோனாவில் ரூக்கி லீக்கில் .360 அடித்தார். 2010-ல் ஐயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸில் .362; அதே வருஷம் பாதியில் கலிஃபோர்னியாவின் ராஞ்சோ குக்கமோங்காவுக்கு உயர்வு, அங்கே .306. 2011-ல் ஆர்கன்சா டிராவலர்ஸ், டபுள்-ஏ, .326. அதாவது 19 வயசுலயே அப்பா ஏறின கடைசிப் படியில் மகன் நின்னுகிட்டிருந்தார்.

2011 ஜூலை 8. ஏஞ்சல்ஸ் அணியின் பீட்டர் போர்ஜஸுக்குக் காயம். ட்ரவுட்டுக்கு அழைப்பு. சியாட்டில் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்தில் மூணு தடவை பேட் பண்ணி ஒரு ஹிட்டும் இல்லை. நடுவுல ஒருமுறை கீழே அனுப்பித் திரும்பக் கூப்பிட்டாங்க. 40 ஆட்டங்கள் முடிவில் சராசரி .220. எல்லாப் படியிலும் .300-க்கு மேல அடிச்சவர் கடைசிப் படியில் வழுக்கினார்.

2012 சீசன் தொடங்கும்போது அவர் பேர் மெயின் டீம்ல இல்லை. மறுபடி மைனர் லீக், யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக், டிரிபிள்-ஏ. 20 ஆட்டங்களில் .403 அடித்தார். அங்கே மேலே ஏஞ்சல்ஸ் 20 ஆட்டங்களில் 6 வெற்றி, 14 தோல்வி. ஏப்ரல் 28-ல் அவரைத் திரும்ப அழைத்தார்கள்.

அந்த வருஷம் அவர் செய்தது: சராசரி .326, 30 ஹோம் ரன், 49 ஸ்டோலன் பேஸ், 129 ரன். சிறந்த புதுமுக வீரர் விருது ஒருமனதாக. ஜூன் 27-ல் பால்டிமோரில் சுவர் மேல தாவி, ஜே. ஜே. ஹார்டியோட ஹோம் ரனை அந்தப் பக்கம் விழறதுக்கு முன்னாடி பிடிச்ச கேட்ச் இன்னிக்கும் யூடியூப்ல சுத்துது.

6. அந்த கேட்ச்சுக்குப் பின்னாடி உள்ள கணக்கு

இப்போ நம்ம ஏரியா. அவ்வளவு உயரத்துல வர்ற பந்து எங்க விழும்னு அவுட்ஃபீல்டருக்கு எப்படித் தெரியும்? பந்து காற்றில் இருக்கிறது நாலஞ்சு விநாடி. ப்ரொஜெக்டைல் ஈக்குவேஷன் போட நேரம் இல்லை, வேகமும் கோணமும் தெரியாது.

1968-ல் செவில் சாப்மன் என்ற இயற்பியலாளர் ஒரு அழகான விடை சொன்னார். காற்றுத் தடையை விட்டுடுங்க. பந்து நேரா நீங்க நிக்கிற இடத்துலயே விழப்போகுதுன்னு வைங்க. எந்த நொடியிலும் பந்தின் உயரம் = புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி × கடந்த நேரம் × மீதி நேரம். உங்களுக்கும் பந்துக்கும் உள்ள கிடைமட்டத் தூரம் = கிடைமட்ட வேகம் × மீதி நேரம். உயரத்தைத் தூரத்தால் வகுத்தா, உங்க பார்வைக் கோணத்தோட டேன் மதிப்பு கிடைக்கும். வகுக்கும்போது 'மீதி நேரம்' மேலேயும் கீழேயும் அடிபட்டுப் போயிடுது. மிச்சம் இருக்கிறது கடந்த நேரத்துக்கு நேர் விகிதத்துல ஏறுற ஒரு மதிப்பு. கிராஃப் போட்டா நேர்கோடு.

அர்த்தம் என்ன? அந்த டேன் மதிப்பு ஒரே சீரா ஏறினா, நீங்க சரியான இடத்துல இருக்கீங்க. வேகம் கூடிக்கிட்டே ஏறினா பந்து தலைக்கு மேல போகப்போகுது, பின்னாடி ஓடுங்க. ஏற்றம் மெதுவானா முன்னாடி விழப்போகுது, முன்னாடி ஓடுங்க. எங்க விழும்னு கணிக்கவே தேவையில்லை. பார்த்துப் பார்த்து, ஓடி ஓடி, பிழையைக் குறைச்சுக்கிட்டே போனா பந்து கையில வந்து விழும். நிஜத்துல காற்றுத் தடை உண்டு, பந்து பக்கவாட்டிலயும் போகும். அப்பவும் இந்த அடிப்படை உதவுது.

இது கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல முதல் யூனிட். ஓபன் லூப், க்ளோஸ்டு லூப். டிராஃப்ட் ஓர் ஓபன் லூப் கணிப்பு: 17 வயசுல ஒரு அளவு எடுத்து, 25 வயசுல எங்க விழுவான்னு சொல்றது. மைனர் லீக் க்ளோஸ்டு லூப்: தினமும் ஆட்டம், தினமும் ஃபீட்பேக், தினமும் திருத்தம். ட்ரவுட்டை 25-ஆவதா போட்டது முதல் சிஸ்டம். அவரை முதல் வரிசைக்குக் கொண்டுவந்தது ரெண்டாவது.

7. ஆனா லூப் இலவசம் இல்லை

இங்க நிறுத்தினா நல்ல மோட்டிவேஷன் கட்டுரை ஆயிடும். 'லிஸ்ட்டை நம்பாதே, உழைச்சிக்கிட்டே இரு'ன்னு ஒரு போஸ்டர். முழு உண்மை அது இல்லை.

ஃபீட்பேக் லூப் வேலை செய்ய நேரம் வேணும். ட்ரவுட்டுக்கு அந்த நேரம் இருந்தது. .220 அடிச்சும் அணி அவரைக் கைவிடலை. முதல் சுற்றுத் தேர்வு, பணம் போட்ட முதலீடு, வயசு வெறும் 20. கையில் போனஸ் பணமும் இருந்தது. அதே .220-ஐ 40-ஆவது சுற்றுல வந்த 26 வயசுக்காரர் அடிச்சிருந்தா அவருக்கு இன்னொரு ஏப்ரல் கிடைச்சிருக்குமா?

மைனர் லீக் சம்பளத்தைப் பாருங்க. 2022 வரைக்கும்கூட டிரிபிள்-ஏ வீரருக்குக் குறைந்தபட்சம் வருஷத்துக்கு 17,500 டாலர். கடைசிப் படியில் 4,800 டாலர். அமெரிக்க விலைவாசியில் அது வாடகைக்கே போதாது. குறைந்தபட்சக் கூலிகூடத் தரலைன்னு மைனர் லீக் வீரர்கள் 2014-ல் வழக்குப் போட்டாங்க. 2022-ல் 18.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆச்சு. அதே வருஷம் தொழிற்சங்கத்துல சேர்ந்தாங்க. 2023-ல் முதல் ஒப்பந்தம்: டிரிபிள்-ஏ 35,800, கடைசிப் படி 19,800. திறமை இருந்தும் காசு இல்லாம நடுவுல இறங்கினவங்க பேர் எந்த ரெக்கார்டு புத்தகத்துலயும் இருக்காது. அவங்களோட லூப் பாதியிலேயே கட் ஆயிடுச்சு.

இன்னொண்ணு. 2012 ஏப்ரலில் ட்ரவுட்டுக்கு இடம் கொடுக்க ஏஞ்சல்ஸ் ஒருத்தரை வெளியே அனுப்பினாங்க. பாபி அப்ரேயு, 38 வயசு, நீண்ட கேரியர் பார்த்த அவுட்ஃபீல்டர். நாம 'வாய்ப்பு கிடைச்சது'ன்னு சொல்ற அந்த நாள் இன்னொருத்தருக்கு வேலை போன நாள்.

மேலே போனதும் எல்லாம் கிடைச்சுடலை. எழுதுற இந்த நேரம் வரைக்கும் ட்ரவுட் ஆடின ப்ளே-ஆஃப் ஆட்டங்கள் மொத்தம் மூணு. 2014-ல் கேன்சஸ் சிட்டி ராயல்ஸிடம் 3-0 தோல்வி. 2021-லேர்ந்து காலு, முதுகு, கை, முழங்கால்னு வரிசையா காயம். 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக் இறுதி ஆட்டம், மயாமி. அமெரிக்காவுக்கு அவர்தான் கேப்டன். ஜப்பான் 3-2 முன்னிலை, கடைசி வாய்ப்பு. பந்து வீசினது ஷோஹெய் ஓட்டானி, ஏஞ்சல்ஸில் அவரோட டீம் மேட். ட்ரவுட் ஸ்ட்ரைக்-அவுட். ஆட்டம் முடிந்தது. பத்துக்கு ஏழு முறை தோற்கிற ஆட்டம்னு முன்னாடி சொன்னேன் இல்ல, அந்த ஏழு எப்ப வரும்னு யாரும் தேர்ந்தெடுக்க முடியாது.

8. எடுத்துக்கிட்டுப் போக

ஒரு லிஸ்ட்டைப் பார்க்கும்போது ரெண்டு கேள்வி கேளுங்க. இதுக்கு எவ்வளவு டேட்டா எடுத்தாங்க? அளந்ததுக்கு அப்புறம் திருத்திக்க வழி வெச்சிருக்காங்களா? முதல் கேள்விக்குப் பதில் 'கொஞ்சம்', ரெண்டாவதுக்கு 'இல்லை'ன்னா, அந்த எண்ணை மதிங்க, ஆனா அதையே உங்க அளவா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நீங்க ஒரு டீம்ல ஆள் எடுக்கிற இடத்துல உட்கார்ந்தா, இதே ரெண்டு கேள்வியை உங்களை நோக்கியும் கேட்டுக்கோங்க.

ஒரு ஹோம்வொர்க்கும் உண்டு. சாயங்காலம் கிரவுண்டுக்குப் போனா யாரையாவது ஒரு ஹை கேட்ச் தூக்கிப் போடச் சொல்லுங்க. பந்து எங்க விழும்னு யோசிக்காம, அது கண்ணுல ஏறுற வேகத்தை மட்டும் பாருங்க. சீரா ஏறினா அங்கேயே நில்லுங்க. மாறினா ஓடுங்க.